சிறிய ஏப்ரன் தொழிலைப் புதிய சந்தைகளுக்குக் கொண்டு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரிரண்டு இயந்திரங்களோடு ஏப்ரன் தைத்து, தெரிந்தவர்களுக்கும் அவர்கள் சொல்லி வந்தவர்களுக்கும் விற்று, ஓரளவு காலூன்றிவிட்டவர்கள் அடுத்ததாகக் கேட்கும் கேள்விகள் இவை. நாலு விளிம்பை மடித்துப் பட்டை வைத்துத் தைத்தால் ஏப்ரன் ஆயிற்று என்று தோன்றும். அதை நம்பி அகலக்கால் வைத்தவர்கள் பலரும் சறுக்கியது, இதை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், யார் துவைக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் தைத்ததில்தான். பதில்களில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

புதிய சந்தை என்றால் வேறு ஊரா, வேறு நாடா?

முதலில் வேறு தொழில். நீங்கள் சமையலறைக்குத் தைப்பவர் என்றால், தொலைதூரத்துச் சமையலறை உங்களுக்குப் பழைய சந்தைதான். அங்கும் அதே எண்ணெய், அதே கறை, அதே உடல் அசைவு. பக்கத்துத் தெருவில் உள்ள முடிதிருத்தகம்தான் புதிய சந்தை. அங்கே துணியில் விழுவது தலைச்சாயமும் வெளுப்பானும். ஒட்டிய முடி உதறினால் உதிர வேண்டும். வாங்கும் முடிவை எடுப்பவரும் வேறு ஆள்.

வரைபடத்தைப் பார்த்துச் சந்தை தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏப்ரன் எதில் நனைகிறது, எப்படிச் சலவை ஆகிறது, பணம் யார் கையிலிருந்து வருகிறது, இந்த மூன்றும் மாறினால் அது புதிய சந்தை. மூன்றும் மாறாமல் தூரம் மட்டும் மாறினால் அது அனுப்புகிற செலவுக் கணக்கு மட்டுமே.

அப்படியானால் எந்தத் தொழிலை முதலில் பிடிப்பது?

உங்கள் இப்போதைய வாடிக்கையாளர்களையே ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சமையலுக்கென்று நீங்கள் தைத்ததை யாராவது வேறு வேலைக்கு வாங்கிப் போயிருப்பார்கள். மண்பாண்டம் வனைபவர், மர வேலை செய்பவர், பூக்கடைக்காரர், ஓவியம் கற்றுத்தரும் ஆசிரியர் என்று யாராவது இருப்பார். அவரே முதல் வழிகாட்டி. அவரிடம் போய், எங்கே கிழிந்தது, எந்தப் பையைத் தொடவே இல்லை, எதற்காக அவிழ்த்துவிட்டு வேலை செய்தார் என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பதில் பயன்படாது. பழைய ஏப்ரனைக் கையில் வாங்கிப் பார்ப்பதே நல்லது. துணி தேய்ந்த இடம் அவர் சொல்ல மறந்ததையும் சொல்லும்.

பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் ஆளுக்கு எத்தனை ஏப்ரன் வேண்டும்? தினமும் மாற்றும் இடங்களில் உடலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என ஆளுக்குக் குறைந்தது மூன்று தேவைப்படும். பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்றால் முப்பது. மர வேலைக்காரர் ஒன்றை வாங்கினால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுப்பார். அடிக்கடி வாங்குகிறவர்களா, அதிக விலை தருகிறவர்களா என்பதை உங்கள் இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே இயந்திரத்தோடு இருப்பவருக்கு இரண்டாவது வழிதான் மூச்சு விட இடம் தரும்.

ஒரு நேரத்தில் ஒரு தொழில் போதும். மூன்றுக்கும் ஒன்றாக மாதிரி தைத்து அனுப்பினால் மூன்றிலிருந்தும் அரைகுறைப் பதில்தான் வரும்.

இப்போது தைக்கும் ஒரே மாடலையே எல்லோருக்கும் விற்க முடியாதா?

சிலருக்கு விற்கலாம். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் பட்டை பெரிய தொல்லை. பையில் கருவிகள் இருந்தால் அத்தனை எடையும் பிடரியில் தொங்கும். முதுகில் குறுக்காகப் போகும் பட்டை வைத்தால் எடை தோளுக்கு இறங்கிவிடும். மண்பாண்டச் சக்கரத்தின் முன் உட்கார்பவருக்கு இரு தொடைகளையும் தனித்தனியே மூடும், நடுவில் பிளந்த ஏப்ரன் வேண்டும். பிளவு இல்லாவிட்டால் மடியில் சேற்றுநீர் குளம் கட்டும்.

சுழலும் இயந்திரத்தின் அருகில் வேலை செய்பவர்களுக்குத் தைக்கிறீர்கள் என்றால் முன்பக்கம் தொங்கும் நாடாவே கூடாது. கடைசல் இயந்திரமும் துளைப்பானும் ஒரு நாடாவைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். முதுகுப் பக்கம் முடியும் கொக்கியோ, பலமாக இழுத்தால் தானே விடுபடும் இணைப்போ வையுங்கள். இயந்திரத்தில் சுழலும் பாகம் எது, ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நேரில் பார்க்காமல் இந்தச் சந்தைக்குள் போகாதீர்கள்.

உணவு பதப்படுத்தும் ஆலைகளின் தேவை வேறு. உணவுப் பாதுகாப்புக்காகப் பல நாடுகளில் பின்பற்றப்படும் பிஆர்சிஜிஎஸ் தரநிலை, வேலை உடையில் இடுப்புக்கு மேல் வெளிப்புறப் பையும் தைத்த பொத்தானும் இருக்கக் கூடாது என்கிறது. பேனாவோ பொத்தானோ உணவில் விழக் கூடாது என்பதுதான் காரணம். நீல நிறத்தை அவர்கள் அதிகம் கேட்பதற்கும் காரணம் உண்டு: நீல நிற உணவு மிகக் குறைவு, அதனால் நூலோ துணித் துண்டோ விழுந்தால் கண்ணில் படும். நீங்கள் அழகுக்கென்று நெஞ்சில் வைத்த பை, அங்கே உங்கள் மாதிரியைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும்.

அளவையும் மறக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவு என்று விற்பது பெரிய உடல்வாகு கொண்டவர்களை ஒதுக்கிவிடுகிறது. இடுப்பு நாடாவை நீட்டினால் மட்டும் போதாது, நெஞ்சுப் பகுதியின் அகலமும் கூட வேண்டும். இரண்டு அளவாவது வைத்திருப்பது மரியாதை, விற்பனைக்கும் நல்லது.

துணியை மாற்ற வேண்டுமா? எந்த எடை சரி?

இதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். துணியின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், அதாவது ஜிஎஸ்எம், என்று கேட்டு வாங்குங்கள். சில வியாபாரிகள் அவுன்ஸில் சொல்வார்கள். சதுர கெஜத்துக்கு 1 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். 10 அவுன்ஸ் டெனிம் என்றால் கிட்டத்தட்ட 340. பரிமாறுபவர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் 200 முதல் 250 வரையிலான ட்வில், அதாவது சாய்கோடுகளாக நெய்த துணி, போதும். மர வேலை, உலோக வேலை, தோட்ட வேலைக்கு 300-க்கு மேற்பட்ட கேன்வாஸ் அல்லது டெனிம். வெப்பமான சமையலறையில் நிற்பவருக்குக் கனத்த கேன்வாஸ் தண்டனை. படத்தில் எடுப்பாகத் தெரிகிறது என்பதற்காக அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

எடையைவிட முக்கியம் சலவை. வீட்டில் 40 டிகிரி நீரில் துவைக்கும் ஏப்ரனும், தொழில்முறைச் சலவையகத்தில் 75 டிகிரியில் காரமான சோப்போடு சுழன்று சூட்டில் உலரும் ஏப்ரனும் ஒரே துணியாக இருக்க முடியாது. சலவையகத்துக்குப் போகும் ஏப்ரனுக்கு 65 விழுக்காடு பாலியெஸ்டர், 35 விழுக்காடு பருத்தி கலந்த துணியைப் பலரும் நாடுவது அதனால்தான். சுருக்கம் குறைவு, சீக்கிரம் உலரும், இஸ்திரி அதிகம் கேட்காது. அதே துணியைத் திறந்த தீயின் அருகே நிற்பவருக்குக் கொடுக்க நான் தயங்குவேன். பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

நிறத்துக்கும் இதே கேள்விதான். பருத்தியில் பொதுவாகப் போடும் ரியாக்டிவ் சாயம் குளோரின் வெளுப்பானைத் தாங்காது. வெளுப்பான் புழங்கும் இடங்களுக்கு வாட் சாயம் போட்ட துணி கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மூன்றாம் சலவையில் கறுப்பு செம்பழுப்பாக மாறினால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார்.

ஆய்வகச் சோதனைக்குக் கட்டணம் கொடுக்கும் நிலையில் இல்லை. நானே என்ன சோதிக்கலாம்?

நிறையச் செய்யலாம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை நீளவாக்கு, குறுக்குவாக்கு இரண்டிலும் நூலால் குறியிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படியே ஐந்து முறை துவைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். முன்சுருக்கம் செய்யாத பருத்தி 5 விழுக்காட்டுக்கு மேலும் சுருங்கலாம். 85 சென்டிமீட்டர் நீள ஏப்ரனில் 6 விழுக்காடு என்றால் 5 சென்டிமீட்டர் போய்விடும். முன்சுருக்கம் செய்த துணி என்று விற்பவர் சொன்னாலும் அளந்து பாருங்கள்.

பட்டையையும் உடலையும் சேர்த்துத் தைத்த பிறகும் ஒரு முறை துவையுங்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் தையல் ஓரம் சுருட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏறுகிறதா என்று தெரியும். பட்டை சேரும் இடத்தில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்த இடத்திலும் பையின் மேல் மூலைகளிலும் பார்டேக், அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் பலத் தையல், அடிப்பது உழைப்பில் சிறியது, ஆயுளில் பெரியது.

வாங்குபவர் எழுத்தில் தரநிலை கேட்டால், வீட்டுச் சலவைக்கு ஐஎஸ்ஓ 6330, தொழில்முறைச் சலவைக்கு ஐஎஸ்ஓ 15797, துவைத்தால் நிறம் நிற்பதற்கு ஐஎஸ்ஓ 105-சி06 ஆகிய பெயர்களைத்தான் சொல்வார்கள். அப்போது ஆய்வகம் போவதைத் தவிர்க்க முடியாது. அதற்கு முன் துணி ஆலையிடம் கேளுங்கள். பல நேரங்களில் சோதனை அறிக்கையை அவர்களே வைத்திருப்பார்கள்.

நேரடியாக விற்கும் விலையிலிருந்து கொஞ்சம் குறைத்தால் கடைகளுக்குத் தரும் மொத்த விலை ஆகிவிடாதா?

ஆகாது. கடைக்காரர் தன் வாடகை, ஆள், விற்காத சரக்கு எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அதனால் உங்கள் மொத்த விலையை இரட்டித்து விற்பது சில்லறை வணிகத்தில் பரவலான வழக்கம். நீங்கள் நேரடியாக 100-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 50-க்குத் தர வேண்டியிருக்கும். துணி, நூல், கூலி, பொதி எல்லாம் சேர்ந்து 40 ஆகிறது என்றால் மிச்சம் 10. அதில்தான் மாதிரிகள், போக்குவரத்து, பழுதான உருப்படிகள், மின்சாரம், உங்கள் சம்பளம் அத்தனையும். இது நிற்காது.

"கூலி" என்று எழுதும்போது உங்கள் சொந்த நேரத்தையும் எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து தைத்ததை இலவசம் என்று வைத்துக்கொண்டு விலை போட்டால், நாளைக்கு ஒரு தையல்காரரை அமர்த்தியவுடன் லாபம் காணாமல் போகும். தன் உழைப்புக்கு விலை போடத் தயங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அது அடக்கம் என்று நினைக்கிறார்கள். வளர விரும்பும் தொழிலுக்கு அது கேடு.

ஆகவே அடக்க விலை 25 அல்லது 30-க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் விலை ஏற வேண்டும். இறக்குவதற்கு முதல் இடம் கட்டிங் மேசை. துணியின் அகலம் 150 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். தைத்து முடித்த ஏப்ரன் 72 அகலம் வர வேண்டும், இரு பக்கமும் மடிப்புக்கு 3 என்றால் ஒரு துண்டுக்கு 78 வேண்டும். பக்கத்தில் பக்கமாக இரண்டு வைத்தால் 156; கொள்ளாது. அகலத்தை 68 ஆக்கினால் துண்டு 74, இரண்டு 148, கொள்கிறது. நாலு சென்டிமீட்டரில் ஒரு வரிசைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கிடைக்கிறது. பெரிய உடல்வாகுக்கான அளவை வேறு அகலத் துணியில் வெட்டிக்கொள்ளலாம். நெஞ்சுப் பகுதியின் இரு ஓரமும் வெட்டுப்படும் துண்டுகளில் பையும் பட்டையும் வருமா என்று பேட்டர்னைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள்.

தையலைக் குறைத்து விலையை இறக்காதீர்கள். அங்கே மிச்சம் பிடித்தது முதலில் கிழியும் இடத்தில் தெரிந்துவிடும்.

உணவகங்களை அணுகினால் "நாங்கள் ஏப்ரன் வாங்குவதில்லை" என்கிறார்களே?

உண்மையாக இருக்கலாம். பல இடங்களில் உணவகங்களும் மருத்துவமனைகளும் ஏப்ரனைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. சலவை நிறுவனம் வாடகைக்குத் தந்து, அழுக்கை எடுத்துப் போய், துவைத்ததைக் கொண்டு வரும். அப்படியானால் நீங்கள் பேச வேண்டியது சலவை நிறுவனத்திடம். அவர்கள் அழகைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். எத்தனை சலவை தாங்கும், இஸ்திரி இயந்திரத்தில் நாடா சிக்குமா, ஒரே நிறம் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பவையே அவர்கள் கேள்விகள். விடாப்பிடியாக விலை பேசுவார்கள். ஆனால் பிடித்துவிட்டால் தொடர்ந்து வாங்குவார்கள்.

நிறுவனத்தின் பெயரும் சின்னமும் போட்டுத் தரச் சொல்கிறார்கள். எம்பிராய்டரியா, அச்சா?

கனத்த ட்வில், கேன்வாஸ், டெனிமுக்கு எம்பிராய்டரி நன்றாக உட்காரும். அதிகச் சலவையையும் தாங்கும். மெல்லிய துணியில் சுற்றிலும் சுருங்கிக்கொள்ளும். அடியில் தாள் வைத்தாலும் முழுதாகப் போகாது. நீர் புகாத பூச்சுள்ள துணியில் எம்பிராய்டரி வேண்டவே வேண்டாம். ஊசி போட்ட ஒவ்வோர் ஓட்டையிலும் நீர் நுழையும். பெரிய சின்னம், அதிக எண்ணிக்கை என்றால் திரை அச்சு மலிவு. சூட்டில் ஒட்டும் அச்சு சிறிய ஆர்டருக்கு வசதி. 75 டிகிரிச் சலவையில் உரிகிறதா என்று சோதிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சின்னம் போட்ட சரக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. எனவே அந்த ஆர்டருக்கு முன்பணம் பாதியாவது கையில் வந்த பிறகே கத்தரியை எடுங்கள்.

வழக்கத்தைவிடப் பத்து மடங்கு ஆர்டர் வந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் பணத்தின் நாட்களை எண்ணுங்கள். துணிக்கு இன்று பணம் கொடுக்கிறீர்கள். தைத்து அனுப்ப 30 நாள். வாங்குபவர் சரக்கு சேர்ந்து 60 நாளில் தருவதாகச் சொல்கிறார். 90 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. அதற்குள் வாடகையும் கூலியும் வரும். லாபம் உள்ள ஆர்டரே ஒரு சிறு தொழிலை மூட வைக்கும் வழி இது. பகுதி பகுதியாக அனுப்பிப் பகுதி பகுதியாகப் பணம் வாங்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பெரிய நிறுவனங்களும் அதைத்தான் செய்கின்றன.

அடுத்தது துணி. முழு ஆர்டருக்கும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில், துணி எடுங்கள். இரண்டு லாட் கலந்தால் ஒரே அறையில் நிற்கும் இருவரின் கறுப்பு வேறு வேறாகத் தெரியும். ஒரே உருப்படியின் உடலும் பையும் வெவ்வேறு லாட்டிலிருந்து வந்தால் இன்னும் மோசம்.

மூன்றாவது, ஒப்புதல் மாதிரி. இரண்டு உருப்படி தைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. பெரிய வாங்குபவர்கள் ஐஎஸ்ஓ 2859-1 என்ற, சில உருப்படிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறைப்படி சரக்கைப் பார்ப்பார்கள். அதில் சாதாரணமாக எடுக்கும் பரிசோதனை நிலையில், 500 உருப்படிகளிலிருந்து 50 எடுத்து, ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க குறை வரம்பு, 2.5 என்றால் பெரிய குறை 3 வரை ஏற்பார்கள், 4 வந்தால் முழுச் சரக்கையும் மறுப்பார்கள். நீங்களே அதே கணக்கில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இந்த மூன்றில் ஒன்று அமையவில்லை என்றால், பாதி அளவு தருகிறேன் என்று சொல்லுங்கள். ஏற்பவர்கள் உண்டு.

வெளியே கொடுத்துத் தைக்கலாமா?

தைக்கலாம். கட்டிங்கையும் கடைசிப் பார்வையையும் மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். துணி வீணாவது கட்டிங்கில், பெயர் கெடுவது கடைசிப் பார்வை தவறியதில். தைப்பவருக்கு மாதிரியோடு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், மடிப்பு எத்தனை மில்லிமீட்டர், பார்டேக் எங்கெங்கே என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூலியை நேரத்தோடு கொடுங்கள். நல்ல தையல்காரர் கிடைப்பது நல்ல வாடிக்கையாளர் கிடைப்பதைவிடக் கடினம்.

இணையத்தில் விற்றால் எல்லாச் சந்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாதா?

கதவு திறக்கும், ஆள் வருவது வேறு. "சமையல் ஏப்ரன்" என்று தேடுபவருக்கு ஆயிரம் பேர் விற்கிறார்கள். "மண்பாண்ட வேலைக்குத் தொடை பிளந்த ஏப்ரன்" என்று தேடுபவருக்குச் சிலர்தான். மேலே சொன்னபடி ஒரு தொழிலைப் பிடித்திருந்தால் இங்கே அது கைகொடுக்கும். அந்தத் தொழில் செய்பவர், அந்த வேலையின் நடுவில், கையில் அழுக்கோடு நிற்கும் படம் போடுங்கள். மடித்து வைத்த படம் எதையும் சொல்லாது. நெஞ்சு அகலம், நீளம், பட்டையின் குறைந்த நீளம், கூடிய நீளம், துணியின் ஜிஎஸ்எம், எத்தனை டிகிரியில் துவைக்கலாம் என்பதை எண்ணில் எழுதுங்கள். திரும்பி வரும் பொதிகள் குறைவதற்கு அளவுகளைத் தெளிவாகச் சொல்வதைப் போன்ற வழி வேறில்லை.

பொதி அனுப்பும் செலவைக் குறைக்க முடியுமா?

விமானக் கூரியர்கள் எடையையும் பருமனையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 300 கிராம் ஏப்ரன் 20 என்றால் 6 கிலோ. பெட்டி 40-க்கு 30-க்கு 30 என்றால் 7.2 கிலோவுக்குக் கட்டணம். அழுத்தி மடித்து உயரத்தை 25 ஆக்கினால் 6 கிலோவுக்கு வந்துவிடும். பெட்டியை முடிவு செய்த பிறகு மடிப்பை முடிவு செய்யுங்கள்.

வேறு நாட்டுக்கு அனுப்பும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

சுங்கக் குறியீடு முதலில். நெய்த துணி ஏப்ரன்கள் உலகப் பொதுக் குறியீட்டில் 6211 தலைப்பின் கீழ் வரும். பிளாஸ்டிக் ஏப்ரன் 3926.20, தோல் ஏப்ரன் 4203. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். வரியும் அதைப் பொறுத்தே. தவறான குறியீடு எழுதினால் பொதி சுங்கத்தில் நிற்கும்.

அடுத்தது, வரியை யார் கட்டுவது. பன்னாட்டு வணிகத்தில் செலவும் பொறுப்பும் யாருக்கு என்று பிரிக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளில் டிடிபி என்று ஒப்புக்கொண்டால் வாங்குபவர் வாசல் வரை எல்லாச் செலவும், இறக்குமதி வரி உட்பட, உங்களுடையது. ஈஎக்ஸ்டபிள்யூ என்றால் உங்கள் பட்டறை வாசலோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. இதை எழுதாமல் விலை சொல்லாதீர்கள். சிறு மதிப்புப் பொதிகளுக்கு வரி இல்லை என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்க வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது.

லேபிளும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிப்படி இழைகளின் பெயரும் விழுக்காடும், விற்கும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்கிறது. வெளியிலிருந்து தபாலில் அனுப்பும் சிறு விற்பனையாளர்களுக்கு இதுதான் பெரிய தடை. அமெரிக்காவில் இழை விவரம், தயாரித்த நாடு, தயாரித்தவர் அல்லது விற்பவரின் அடையாளம் மூன்றும் லேபிளில் வேண்டும்.

இத்தனையும் தனியாளாகச் சுமக்க முடியாது என்று தோன்றினால், அந்த நாட்டிலேயே இறக்குமதி செய்து விற்கும் ஒரு மொத்த வியாபாரியைத் தேடுங்கள். லாபத்தில் பங்கு போகும், ஆனால் சட்டப் பொறுப்பில் பெரும்பகுதியை அவர் ஏற்பார்.

"தீ பிடிக்காதது", "பாதுகாப்பு ஏப்ரன்" என்று போட்டால் நன்றாக விற்குமே?

போடாதீர்கள். அப்படி எழுதிய மறுகணம் அது வெறும் உடையாக இல்லாமல் பாதுகாப்புச் சாதனமாகிவிடும். ஐரோப்பாவில் 2016/425 விதி அதன்மேல் பாயும். வெல்டிங் உடைக்கு ஐஎஸ்ஓ 11611, கைக்கத்தி வெட்டைத் தடுக்கும் ஏப்ரனுக்கு ஐஎஸ்ஓ 13998 என்று தனித்தனித் தரநிலைகளும், வெளி அமைப்பின் சோதனையும் சான்றும் தேவைப்படும். சட்டத்தை விடுங்கள், உங்கள் சொல்லை நம்பி ஒருவர் தீப்பொறிக்கு முன் நிற்பார். சோதித்து நிரூபித்தால் மட்டுமே அந்தச் சொல்லை எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கான ஏப்ரன் எளிய சந்தைதானே?

தைப்பதற்கு எளிது, பொறுப்பு அதிகம். கழுத்தில் முடிச்சுப் போடும் நாடாவோ விடுபடாத வளையமோ வைக்காதீர்கள். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் பிரியும் வெல்க்ரோ வையுங்கள். அமெரிக்காவில் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள்களுக்குப் பாகங்களில் ஈயத்தின் அளவு உட்பட வரம்புகளும், வெளி ஆய்வகச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட சான்றிதழும் உண்டு. பெரியவர்களுக்கான பேட்டர்னைச் சிறிதாக்கினால் போதும் என்று இறங்க வேண்டாம்.

நீர் புகாத பூச்சுத் துணி வாங்கலாமா?

வாங்குவதற்கு முன், அந்தப் பூச்சில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள் இல்லை என்று ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். இவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019-ல், தீங்கான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதலும், பிரான்ஸ் 2026 ஜனவரி முதலும் இவை சேர்ந்த உடைகளின் விற்பனைக்குத் தடை போட்டிருக்கின்றன. எந்தப் பூச்சு என்று ஆலை சொல்ல மறுத்தால் வேறு ஆலையைப் பாருங்கள்.

எங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா?

புதிய நாட்டில் விற்கத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். உடையாக அணியும் ஏப்ரன், வணிகச் சின்னப் பதிவில் 25-ஆம் வகுப்பு. ஒரு நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியையே கோரலாம். மாட்ரிட் முறை எனும் பன்னாட்டுச் சின்னப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட முடியும். ஆனால் முதல் 5 ஆண்டுகள் அது உங்கள் சொந்த நாட்டுப் பதிவைச் சார்ந்தே நிற்கும்; அது விழுந்தால் இதுவும் விழும்.

புதிய சந்தை பிடித்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? எப்போது விட்டுவிடுவது?

முதல் ஆர்டரை வைத்து எதையும் சொல்லாதீர்கள். அது ஆர்வத்தில் வரும், பழக்கத்துக்காகவும் வரும். இரண்டாவது ஆர்டரைப் பாருங்கள். நீங்கள் நினைவூட்டாமல், தள்ளுபடி தராமல், அதே ஆள் மறுபடி கேட்டால் பொருள் அந்த வேலைக்குப் பொருந்திவிட்டது. அவரே இன்னொருவரை அனுப்பினால் துணியை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கலாம்.

ஏப்ரன் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் கடந்தும் யாரும் திரும்பக் கேட்கவில்லை என்றால், மேலும் மாதிரி அனுப்பாமல் வாங்கியவர்களைப் போய்ப் பாருங்கள். ஏப்ரன் ஆணியில் தொங்குகிறதா, உடலில் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆணியில் என்றால் பேட்டர்னையோ துணியையோ ஒரே ஒரு முறை திருத்தி, அதே ஆட்களுக்கே இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஆணிக்கே போனால் அந்தத் தொழிலை விட்டு அடுத்ததற்குப் போகலாம். வாங்கி வைத்த துணி மிச்சமிருக்கிறது என்பதற்காக அதிலேயே நிற்காதீர்கள். அதை மாதிரிகள் தைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.